கப்பல் சரக்கு இறக்கத்தில் லாரி ஓட்டத்தையும் டிரைவர் ஷிஃப்டையும் திட்டமிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஹாப்பருக்கு, அதாவது கிரேன் கொட்டும் சரக்கை வாங்கி லாரிக்குள் விடும் பெரிய புனலுக்கு, அடியில் லாரி இல்லை. கிரேன்காரர் சரக்கை அள்ளி நிறைந்த கிராபைத் தொங்கவிட்டபடி கீழே பார்த்துக்கொண்டிருக்கிறார். அதே நேரத்தில் எடைமேடைக்கு முன்னால் பதினோரு லாரி வரிசையில் நிற்கிறது. கன்ட்ரோல் ரூமில் இருப்பவர் போனை எடுத்து, "இன்னும் நாலு வண்டி அனுப்புங்க" என்கிறார். நாலும் வந்து வரிசையின் வாலில் ஒட்டிக்கொள்கின்றன. பதினொன்று பதினைந்தாகிறது. ஹாப்பருக்கு அடியில் இன்னமும் லாரி இல்லை.

அப்படி போன் போட்டவர்களில் நானும் ஒருவன். கிரேன் நின்றால் லாரி போதவில்லை என்றுதான் முதலில் தோன்றும். பல நேரங்களில் அது தப்பு. லாரி இருக்கும், வேறெங்கோ மாட்டிக்கொண்டிருக்கும். கப்பல் வேலையில் காத்திருப்பை ஒழிக்க முடியாது. யார் காத்திருப்பது, எங்கே காத்திருப்பது என்பதை மட்டும் நாம் முடிவு செய்யலாம். கப்பலும் கிரேனும் காத்திருந்தால் செலவு அதிகம். லாரி நிழலில் நின்றால் செலவு குறைவு. லாரி பாதையை அடைத்துக்கொண்டு நின்றால் இரண்டு செலவும் சேர்ந்து வரும். கீழே சொல்லும் எல்லாமே இந்தக் கணக்கைச் சுற்றித்தான்.

முதலில் மொத்தச் சரக்கு, அதாவது தானியம், உரம், நிலக்கரி போல டிப்பரில் போகும் சரக்கு. கண்டெய்னரைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

படி 1: கடிகாரத்தோடு ஒரு நாள்

எக்செல் திறப்பதற்கு முன் ஒரு லாரியோடு நாலு நடை போய் வாருங்கள். பகலில் இரண்டு, இரவில் இரண்டு. ஒரு நடையைத் துண்டு துண்டாகப் பிரித்து நேரம் குறியுங்கள். உதாரணத்துக்கு, 25 டன் ஏற்றும் ஒரு டிப்பரின் நடை இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: ஹாப்பரில் ஏற்ற 5 நிமிடம், எடைமேடைக்குப் போக 4, எடை போட 2, கிடங்குக்குப் போக 8, கொட்ட 6, காலியாகத் திரும்ப 9. மொத்தம் 34 நிமிடம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வேலை நேரத்தையும் வரிசையில் நின்ற நேரத்தையும் தனித்தனியாக எழுத வேண்டும். "எடைமேடை 9 நிமிடம்" என்று எழுதினால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. "நின்றது 7, எடை போட்டது 2" என்று எழுதினால் எல்லாம் தெரிந்துவிடும். ஜி.பி.எஸ். கருவி இருந்தாலும் இந்த வித்தியாசத்தை அது தானாகச் சொல்லாது. வரிசை தொடங்கும் இடத்துக்கு ஒரு கோடு, மேடைக்கு ஒரு கோடு என்று வரைபடத்தில் நீங்கள்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

சராசரியை மட்டும் நம்ப வேண்டாம். பத்து நடையில் ஒன்பது நடை எத்தனை நிமிடத்துக்குள் முடிகிறது என்றும் பாருங்கள். சராசரி 34 என்றிருக்கும். ஆனால் பத்தில் ஒன்று 55-ஐத் தாண்டும். கிரேனைப் பட்டினி போடுவது பெரும்பாலும் அந்த ஒன்றுதான்.

படி 2: எத்தனை லாரி வேண்டும்?

வரிசைக் கணக்கில் லிட்டில் விதி என்று ஒன்று உண்டு. ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்தது. ஓர் இடத்துக்குள் இருக்கும் எண்ணிக்கை என்பது, உள்ளே வரும் வேகத்தை உள்ளே இருக்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது. நம் கணக்கில் ஒரு ஹாப்பர் 5 நிமிடத்துக்கு ஒரு லாரியை நிரப்புகிறது, அதாவது மணிக்கு 12. ஒரு நடை 34 நிமிடம். 34-ஐ 5-ஆல் வகுத்தால் 6.8. ஆக, ஒரு ஹாப்பருக்கு 7 லாரி. மூன்று ஹாப்பர் ஓடினால் 21.

சரி, 21 லாரி கொண்டுவந்து நிறுத்திவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. இந்தக் கணக்கு எங்கும் நெரிசல் இல்லை என்று நம்பிப் போட்டது.

படி 3: கழுத்து எங்கே இருக்கிறது?

பாட்டிலின் கழுத்துதான் தண்ணீர் வேகத்தைத் தீர்மானிக்கும். மூன்று ஹாப்பரும் முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு 36 லோடு, அதாவது 900 டன். அந்த 36-ம் ஒரே எடைமேடை வழியாகப் போக வேண்டும். ஒரு லாரிக்கு 2 நிமிடம் என்றால் மேடையால் மணிக்கு 30 தான் முடியும். அவ்வளவுதான், கதை முடிந்தது. கப்பலின் வேகம் 36 இல்லை, 30.

இப்போது பாருங்கள். 21 லாரி ஓட்டினால் ஒரு நடை 34 நிமிடமாக இருக்காது. 21 லாரியை மணிக்கு 30 என்ற வேகத்தில் சுற்றினால் ஒரு நடை 42 நிமிடம். எட்டு நிமிடம் மேடை வரிசையில் போகிறது. "இன்னும் நாலு வண்டி" வந்து 25 ஆனால் நடை 50 நிமிடம். மணிக்கு இறங்கும் சரக்கு அதே 30 லோடுதான். அந்த நாலு லாரி கொண்டுவந்தது ஆளுக்கு எட்டு நிமிடக் கூடுதல் நிற்பு, டீசல் புகை, எரிச்சல் மட்டுமே.

இந்த இடத்தில் செலவழிக்க வேண்டியது மேடையில். காலி எடையை ஒவ்வொரு நடைக்கும் எடுத்துக்கொண்டிருந்தால் மேடைக்கு வேலை இரட்டிப்பு. ஷிஃப்டுக்கு ஒரு முறை எடுத்துப் பதிவில் வைத்தால் போதும். டீசல் குறைவதாலும் தொட்டியில் சரக்கு ஒட்டிக்கொள்வதாலும் காலி எடை மாறும் என்பதால்தான் ஷிஃப்டுக்கு ஒரு முறை. அப்புறம், டிரைவர் இறங்கி ஜன்னலில் சீட்டு வாங்கி ஏறுவது. நான் கடிகாரம் பிடித்துப் பார்த்த ஒரு மேடையில் எடை நிலைகொள்ள 15 விநாடி போதும், மீதி முழுக்க இந்த இறங்கி ஏறும் படலம். சீட்டை லாரிக்கே கொண்டுபோய்க் கொடுக்க ஓர் ஆளை நிறுத்தினோம், வரிசை அன்றைக்கே பாதியானது. கண்ணாடியில் ஒட்டும், லாரியை ரேடியோ அலையில் அடையாளம் காட்டும் ஆர்.எஃப்.ஐ.டி. அட்டை இருந்தால் அந்த ஆளும் தேவையில்லை.

இப்படி 2 நிமிடத்தை 75 விநாடியாகக் குறைத்தால் மேடையின் திறன் மணிக்கு 48. வருவது 36. நான்கில் மூன்று பங்கு நேரம் மேடைக்கு வேலை. "கால்வாசி சும்மா கிடக்கிறதே" என்று யாராவது சொல்வார்கள். அந்தக் கால்வாசி வீணல்ல. லாரிகள் ஒழுங்கில்லாமல் வந்து, எடை போடும் நேரமும் முன்பின்னாக இருந்தால், எளிய வரிசைச் சூத்திரம் சொல்வது இதுதான்: மேடை 75 சதவீதம் நிரம்பியிருந்தால் சராசரிக் காத்திருப்பு எடை நேரத்தைப் போல 3 மடங்கு; 80 சதவீதத்தில் 4 மடங்கு; 90-இல் 9; 95-இல் 19. கடைசிப் பத்து சதவீதத்தைக் கசக்கிப் பிழியப் போனால் வரிசை கேட்டுக்கு வெளியே வரை நீளும்.

75 சதவீதத்தில் மேடைக் காத்திருப்பு 3.75 நிமிடம், எடை 1.25. பழைய 2 நிமிடத்தை எடுத்துவிட்டு இந்த 5-ஐச் சேர்த்தால் நடை 37 நிமிடம். ஒரு ஹாப்பருக்கு 7.4 லாரி. ஹாப்பருக்கு இத்தனை என்று தனித்தனியாக ஒதுக்கினால் 8 வீதம் 24 வேண்டும். மூன்றுக்கும் பொதுவாக ஓடவிட்டால் 22.2, அதாவது 23 போதும். ஒரு லாரிதானே மிச்சம் என்று நினைக்காதீர்கள். ஒரு கிரேன் பழுதாகும்போது பொதுவாக ஓடும் லாரிகள் மற்ற இரண்டுக்கும் தானாகப் பாயும், தனியாக ஒதுக்கியவை அந்தக் கிரேனுக்கு அடியிலேயே நிற்கும். உண்மையான லாபம் அங்கேதான்.

மேலே ஒன்றிரண்டு உபரி வைக்கலாமா? செலவைப் பாருங்கள். கப்பலின் ஒரு மணி நேரம் இருபது லாரியின் ஒரு மணி நேரத்துக்குச் சமம் என்றால், ஓர் உபரி லாரி மணிக்கு 3 நிமிடம் கப்பல் நேரத்தை மிச்சப்படுத்தினாலே அதன் செலவு வந்துவிடும். டெமரேஜ், அதாவது ஒப்பந்த நேரத்தைத் தாண்டிக் கப்பலை நிறுத்திவைப்பதற்கான தண்டம், தொடங்கும் நேரம் நெருங்கினால் கணக்கு இன்னும் மாறும். ஒரு முறை தொடங்கிவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எழுதியிருந்தாலொழிய, மழையும் விடுமுறையும்கூட அதில் சேர்ந்துகொள்ளும்.

படி 4: பாதை

துறைமுகத்துக்குள் குறுகிய பாதை என்பதைவிட, ஒன்றையொன்று வெட்டாத பாதைதான் முக்கியம். லோடு வண்டி ஒரு வழி, காலி வண்டி ஒரு வழி, வட்டமாக ஒரே திசையில். ஒரு நடைக்கு இரண்டு நிமிடம் கூடினாலும் பரவாயில்லை. எதிரும் புதிருமாகப் போகும் குறுகிய பாதையில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்தால் போதும், அந்த இரண்டு நிமிடம் பறிபோய்விடும். ரிவர்ஸே எடுக்க வேண்டாத பாதையென்றால் விபத்தும் குறையும்.

ஹாப்பரில் ஒரு லாரி, அதன் பின்னால் ஒரு லாரி. மூன்றாவதுக்கு அங்கே வேலை இல்லை. பெர்த்தில், அதாவது கப்பல் கட்டி நிற்கும் இடத்தில், கிரேன் நகர, ஆள் நடக்க இடம் வேண்டும். மற்றவை உள்ளே வருவதற்கு முன் ஓர் இடத்தில் நிற்கட்டும். தண்ணீரும் கழிவறையும் அங்கே இருக்கட்டும். அங்கிருந்து ஆள் பார்த்து விடுங்கள்.

எப்படி விடுவது? ஷிஃப்ட் தொடக்கத்தில் 23 லாரியையும் ஒன்றாகத் திறந்துவிட்டால் அவை கொத்தாகவே சுற்றும். ஹாப்பரில் கொத்து, மேடையில் கொத்து, கிடங்கில் கொத்து. நடுவில் கிரேன் சும்மா. மணிக்கு 36 என்றால் 100 விநாடிக்கு ஒன்று. அந்த இடைவெளியில் விட்டால் 23 லாரியையும் அனுப்பி முடிக்க 38 நிமிடம் ஆகும், ஒரு நடை 37 நிமிடம். கடைசி லாரி கிளம்பும்போது முதல் லாரி திரும்பி வந்திருக்கும். சங்கிலி மூடிக்கொள்ளும். டிரைவர்கள் முதல் நாள் முணுமுணுப்பார்கள்.

படி 5: எந்த ஹேட்சுக்கு எந்த லாரி?

கப்பல் கிளம்பும் நேரத்தை மொத்தச் சரக்கு முடிவு செய்வதில்லை. இறக்கி முடிக்க அதிக நேரம் எடுக்கும் ஹேட்ச், அதாவது சரக்கு அறை, முடிவு செய்கிறது. மூன்று ஹேட்சில் 6,000, 9,000, 6,000 டன் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் மணிக்கு 300 டன் இறங்குகிறது என்றால் 20, 30, 20 மணி நேரம். நடு ஹேட்ச் ஒரு மணி நேரம் நின்றால் கப்பல் ஒரு மணி நேரம் தாமதம். ஓர ஹேட்ச் ஒரு மணி நேரம் நின்றால் கப்பலுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே லாரி தட்டுப்படும்போது எல்லாருக்கும் சமமாகப் பங்கிடுவது நியாயம்போலத் தெரிந்தாலும் முட்டாள்தனம். நடு ஹேட்ச் முதலில், மிஞ்சியதை மற்ற இரண்டுக்கு. ஒன்று மட்டும்: எந்த ஹேட்சிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்ற வரிசையைக் கப்பலின் சீஃப் ஆபீசர் வைத்திருப்பார். கப்பல் சாயாமல், உடல் முறுக்கேறாமல் இருப்பதற்கான வரிசை அது. லாரிக்காக அதை மீறக் கூடாது.

இந்த எண்களையே இன்னொரு முறை பாருங்கள். இருபதாவது மணியில் இரண்டு ஹேட்சும் முடிந்துவிடும். அதற்குப் பின் 23 லாரி எதற்கு? எட்டு போதும். இதை முதலிலேயே ஷிஃப்ட் அட்டவணையில் எழுதாவிட்டால் பதினைந்து டிரைவர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். நடு ஹேட்சுக்கு இரண்டாவது கிரேன் எட்டுமா என்று கேட்கவும் இதுதான் சமயம்.

ஹேட்சின் அடிக்குப் போகும்போதும் வேகம் குறையும். மேலே குவியலாக இருக்கும்வரை கிராப் ஒரே வாயில் அள்ளும். அடியில் ஓரமாகக் கிடப்பதைக் கூட்டிக் கொடுக்க உள்ளே லோடர் இறங்க வேண்டும், ஆள் இறங்க வேண்டும். இந்த நேரத்திலும் அதே எண்ணிக்கையில் லாரி அனுப்பிக்கொண்டிருப்பது நான் அடிக்கடி பார்க்கும் தப்பு.

திரும்பி வரும் காலி லாரியை எந்த ஹாப்பருக்கு அனுப்புவது என்பதில், வரிசை குறைவாக இருக்கும் ஹாப்பருக்கு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அங்கே நோக்கி ஏற்கெனவே மூன்று லாரி வழியில் இருக்கலாம். நிற்கும் லாரியோடு வழியில் வரும் லாரியையும் சேர்த்து எண்ணுங்கள். ஒரே நேரத்தில் பல லாரி, பல வேலை என்று வந்தால் அது ஒதுக்கீட்டுக் கணக்கு. ஹங்கேரியன் முறை என்ற பெயரில் ஹரால்ட் குன் 1955-இலேயே வழி சொல்லிவிட்டார். ஆயத்த நிரல்கள் நிறைய இருக்கின்றன.

படி 6: கண்டெய்னர் என்றால்

கணக்கு அதேதான், கடிகாரம் வேகமாக ஓடும். நல்ல கிரேன் மணிக்கு 25 முதல் 35 பெட்டி இறக்கும். 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று. பெட்டிகளை அடுக்கிவைக்கும் யார்டுக்குப் போய்த் திரும்ப 14 நிமிடம் என்றால் கிரேனுக்கு 7 டிரெய்லர். இங்கே ஒரு நிமிடச் சுணக்கமும் உடனே தெரியும். உதாரணமாக, பெட்டியின் மூலையில் மாட்டியிருக்கும் ட்விஸ்ட் லாக் என்ற பூட்டைக் கழற்றுவது. டிரெய்லரை கிரேனுக்கு அடியிலேயே நிறுத்திக் கழற்றினால் கிரேன் நிற்கும். சற்றுத் தள்ளி ஓர் இடம் ஒதுக்கினால் நிற்காது.

கப்பல் வருவதற்கு முன்பே பே பிளான், அதாவது எந்தப் பெட்டி கப்பலில் எங்கே இருக்கிறது என்ற வரைபடம், கையில் இருக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஆறு இலக்க எண். 140382 என்றால் பே 14 (கப்பலின் நீளவாக்கில்), வரிசை 03 (குறுக்குவாக்கில்), அடுக்கு 82 (உயரவாக்கில்). பே இரட்டைப்படை என்பதால் 40 அடிப் பெட்டி. வரிசை ஒற்றைப்படை என்பதால் கப்பலின் வலப்பக்கம். அடுக்கு 80-ஐத் தாண்டியதால் தளத்துக்கு மேலே. எந்தப் பெட்டி எப்போது இறங்கும் என்று ஏறக்குறைய இதிலிருந்தே சொல்லிவிடலாம். ஏற்றுமதிப் பெட்டிகளுக்குச் சரிபார்த்த எடை கட்டாயம் என்ற சர்வதேச விதி 2016 ஜூலை 1 முதல் இருப்பதால், எடை விவரமும் முன்னமே கிடைக்கும். இரண்டு 20 அடிப் பெட்டிகளை ஒரே டிரெய்லரில் போடலாமா என்று முன்கூட்டியே முடிவு செய்ய அது உதவும். பெட்டியின் கதவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் கேட்டுவையுங்கள். கதவு டிரைவர் கேபினைப் பார்த்து உட்கார்ந்துவிட்டால் கிடங்கில் போய்த் திறக்க முடியாது, திரும்பவும் யார்டுக்கு வந்து தூக்கித் திருப்ப வேண்டும்.

வெளியிலிருந்து பெட்டி எடுக்க வரும் லாரிகள் தனிக் கதை. நாலு அடுக்கில் கீழே இருப்பதைக் கேட்டால் மேலே மூன்றை நகர்த்த வேண்டும். எதைக் கேட்பார்கள் என்று தெரியாவிட்டால் முழு அடுக்கில் முதல் பெட்டிக்குச் சராசரியாக ஒன்றரை வீண் தூக்கல். ஒரே ஆளுக்குப் போகும் பெட்டிகள் முப்பது நாற்பது இருந்தால் அவற்றை ஒரே இடத்தில் அடுக்கி, வரும் லாரிக்கு மேலே இருப்பதைக் கொடுத்து அனுப்பிவிடலாம். எந்த லாரிக்கு எந்தப் பெட்டி என்று முன்னரே கட்டிப்போடாமல் இருப்பதே இதில் சூட்சுமம்.

பலரும் இங்கே ஒரு தப்புச் செய்கிறார்கள். லாரிப் பாதை மென்பொருள் என்றதும் ஒரு லாரி பத்துக் கடைக்குப் போய்வரும் வகையை வாங்கிவிடுகிறார்கள். அந்தக் கணக்கு 1959-இல் டான்ட்சிக், ராம்சர் இருவரும் பெட்ரோல் லாரிகளுக்காக எழுதியதிலிருந்து வளர்ந்தது. முழு கண்டெய்னர் தூக்கும் லாரிக்குப் பத்து நிறுத்தம் கிடையாது. ஒரு பெட்டி, ஓர் இடம். இங்கே கேள்வி வேறு: ஏற்றுமதிப் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கும் லாரி, திரும்பும்போது எந்த இறக்குமதிப் பெட்டியை எடுத்துப் போகலாம்? எந்த ஜோடி சேர்த்தால் காலி ஓட்டம் அதிகம் குறைகிறது? இரண்டு வேலையைத் தனித்தனியாகச் செய்தால் ஆகும் காலி தூரத்திலிருந்து, சேர்த்துச் செய்தால் ஆகும் காலி தூரத்தைக் கழியுங்கள். அதிகம் மிச்சமாகும் ஜோடியிலிருந்து தொடங்குங்கள். 1964-இல் கிளார்க்கும் ரைட்டும் சொன்ன சேமிப்பு முறையின் சாரம் இதுதான், தாளிலேயே போடலாம்.

படி 7: வரும் நேரத்தை ஒதுக்குதல்

வெளி லாரிகளுக்கு நேர ஒதுக்கீடு வைத்தால் யார்டில் முன்னேற்பாடு செய்யலாம். ஆனால் விதியை எப்படி எழுதுகிறீர்களோ அப்படியே ஜனம் நடக்கும். லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகங்களில் 2005-இல் பகலில் வந்தால் கட்டணம், மாலை 6 மணிக்கு மேல் இல்லை என்று கொண்டுவந்தார்கள். கூட்டம் இரவுக்கு நகர்ந்தது, உண்மை. கூடவே, ஆறு மணி அடிக்கட்டும் என்று வாசலில் லாரிகள் வரிசை கட்டின. 2018-இல் எந்த நேரத்துக்கும் ஒரே கட்டணம், முன்பதிவு என்று மாற்றிக்கொண்டார்கள். ஒரு நேர எல்லையில் சட்டென்று எதுவும் மாறினால் அந்த எல்லையில் கூட்டம் கூடும். ஒதுக்கீட்டை ஒரு மணி நேரமாக வைக்காமல் அரை மணி, கால் மணியாக உடைத்து, முன்பின் கொஞ்சம் சலுகையும் கொடுப்பது நல்லது.

படி 8: டிரைவர்கள்

லாரிக் கணக்கைவிட இது கடினம். லாரிக்குத் தூக்கம் வராது.

எண்ணிக்கையிலிருந்து தொடங்குவோம். ஆண்டு முழுக்கக் கப்பல் வந்துகொண்டிருக்கும் இடம், 23 லாரி, எட்டு மணி நேரமாக மூன்று ஷிஃப்ட். ஒரு நாளுக்கு 69 இருக்கை. ஒருவர் வாரத்தில் ஆறு நாள் வருவார் என்றால் 69-ஐ 7-ஆல் பெருக்கி 6-ஆல் வகுக்க வேண்டும்: 80.5. நூற்றுக்கு எட்டுப் பேர் காய்ச்சல், கல்யாணம் என்று வரமாட்டார்கள் என்றால் 0.92-ஆல் வகுக்க வேண்டும்: 87.5. ஆக 88 பேர். "69 பேர் போதும், சமாளிச்சுக்கலாம்" என்று ஒப்பந்தக்காரர் சொன்னால் அதன் பொருள், சிலர் இரண்டு ஷிஃப்ட் தொடர்ந்து ஓட்டப் போகிறார்கள் என்பதே.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு. அதை முதலில் 15, பிறகு 30 என்று பிரித்துக்கொள்ளலாம். நாளுக்கு 9 மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. அமெரிக்காவில் 11 மணி நேரம் ஓட்டலாம், ஆனால் வேலை தொடங்கி 14 மணி நேரத்துக்குள். இந்த 14-இல் வரிசையில் நின்ற நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும். துறைமுகத்தில் நாலு மணி நேரம் நிற்கவைத்தால் அன்றைய ஓட்டத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டீர்கள். உங்கள் ஊர் விதியை அட்டவணையில் மீற முடியாத வரம்பாகப் போடுங்கள்.

ஷிஃப்ட் மாறும் நேரம் சத்தமில்லாமல் பணம் தின்னும். 23 லாரியும் ஒரே நேரத்தில் அரை மணி நேரம் நின்றால் 450 டன் போச்சு. ஒரு நாளில் மூன்று முறை, 1,350 டன். மணிக்கு 900 டன் இறக்கும் இடத்தில் இது ஒன்றரை மணி நேரக் கப்பல் வேலை. மூன்று கூட்டமாகப் பிரித்து இருபது இருபது நிமிட இடைவெளியில் மாற்றுங்கள். மாற்று டிரைவர் காலி லாரி திரும்பும் வழியில் ஏறிக்கொள்ளட்டும். சாவி, டயர், பிரேக் பார்க்க ஐந்து நிமிடம் போதும். சாப்பாட்டு இடைவேளையும் இதேபோலத்தான். அதற்கென்று இரண்டு மாற்று டிரைவர்களை வைத்துச் சுற்றில் விடுவித்தால் லாரி நிற்காது.

இரவு. அதிகாலை 2 மணியிலிருந்து 6 மணி வரை யாராக இருந்தாலும் கண் செருகும். ஒரே பாதையில் நடை நடையாகச் சுற்றுபவருக்கு இன்னும் அதிகம். அந்த நேரத்தில் இடைவேளையைக் குறுக்கிச் சிறிது சிறிதாக அடிக்கடி கொடுங்கள். வேகத்தைக் குறைத்தே கணக்குப் போடுங்கள். ஷிஃப்ட் சுழற்சி காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிப் போகட்டும். இரவு முடித்தவரை மறுநாள் மாலைக்கு இழுப்பது உடம்புக்கு ஒத்துவராது.

கூலி முறை உங்கள் திட்டத்தைவிடப் பலமானது. நடைக்கு இவ்வளவு என்று மட்டும் கொடுத்தால் எல்லாரும் பக்கத்துக் கிடங்கு நடைக்குச் சண்டை போடுவார்கள், வேகம் கூடும், தூரத்து நடைக்குப் போகச் சொன்னவருக்கு டயர் பஞ்சராகும். ஒரு முறை, தூரத்துக் கிடங்குக்குத் தொடர்ந்து ஒரே டிரைவரை அனுப்பிக்கொண்டிருந்தேன். நாலாவது நடைக்கு அவர் சத்தம் போடவில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு, என் மேசைக்கு வந்து சாவியை வைத்தார். "தம்பி, நீங்களே ஒரு நடை போயிட்டு வாங்க" என்றார். அன்றிலிருந்து பக்கத்து நடை, தூரத்து நடை இரண்டையும் எல்லாருக்கும் சுற்றில் பிரித்தோம். நாள் சம்பளத்தோடு நடைக்குச் சிறு பேட்டா, அரை மணிக்கு மேல் நின்றால் அதற்கும் தனிக் காசு என்று மாற்றினோம். நின்றதற்குக் காசு கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் நிற்கும் நேரம் எங்கள் கணக்குப் புத்தகத்திலேயே தெரிய ஆரம்பித்தது.

படி 9: திட்டம் கலையும்போது

கலையும். கப்பல் வரும் நேரம் என்று சொல்வது நங்கூரமிடும் நேரமா, பெர்த்தில் கயிறு கட்டும் நேரமா என்று ஏஜென்டிடம் தெளிவாகக் கேளுங்கள். கயிறு கட்டிய உடனேயும் சரக்கு இறங்காது. அனுமதி, சர்வே, ஹேட்ச் திறப்பு எல்லாம் இருக்கிறது. டிரைவர்களை அழைப்பதை முதல் கிராப் எடுக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். முதல் தொகுதிக்கு எட்டு லாரி, ஓட்டம் பிடித்த பின் மீதி.

மழை வந்தால் தானியத்துக்கும் உரத்துக்கும் ஹேட்ச் மூடப்படும். அந்த நேரத்தைச் சும்மா விட வேண்டாம்: சட்டப்படி வர வேண்டிய ஓய்வு, டீசல், காலி எடை எல்லாவற்றையும் அப்போதே முடித்துக்கொள்ளலாம். மழை விட்டவுடன் யாருக்கு ஓட்டும் நேரம் மிச்சம் என்ற பட்டியலும் கையில் இருக்க வேண்டும்.

படி 10: கருவிகள்

கால் மணி நேரத்துக்கு ஒரு முறை திட்டத்தைத் திரும்பப் போடுங்கள். ஆனால் ஒவ்வொரு லாரிக்கும் அடுத்து ஒதுக்கிய நடையை மாற்ற வேண்டாம். போன் போட்டுப் போன் போட்டு மாற்றினால் டிரைவர்கள் உங்களை நம்புவதை நிறுத்திவிடுவார்கள், பிறகு அவரவர் இஷ்டம்தான். கூகுள் வெளியிட்ட ஓ.ஆர்.டூல்ஸ் இலவசம், நேர வரம்போடு பாதை போடவும் ஷிஃப்ட் அட்டவணை போடவும் அதுவே போதும். அதற்கு முன் படி 1-இல் எடுத்த நேரங்களை வைத்து எக்செலில் ஒரு நாளை ஓட்டிப் பாருங்கள். நேரங்கள் தப்பாக இருந்தால் எந்த மென்பொருளும் தப்பைத்தான் வேகமாகச் சொல்லும்.

பலகையில் இரண்டே எண் எழுதினால் போதும்: இந்த மணி நேரத்தில் லாரிக்காகக் கிரேன் நின்ற நிமிடம், கிரேனுக்காக லாரி நின்ற நிமிடம். முதலாவது கூடினால் உடனே லாரி கேட்காதீர்கள். மேடையையும் கிடங்கையும் ஒரு முறை நடந்து போய்ப் பாருங்கள். இரண்டாவது கூடிக்கொண்டே போய், முதலாவது பூஜ்யமாக இருந்தால் இரண்டு லாரியைக் குறைத்து ஒரு மணி நேரம் பொறுங்கள். இரண்டுமே கூடினால் லாரிகள் கொத்தாக ஓடுகின்றன. நிறுத்துமிடத்தில் பிடித்து 100 விநாடி இடைவெளியை மறுபடி ஏற்படுத்துங்கள்.

எல்லாவற்றையும் ஒரே கப்பலில் முயல வேண்டாம். அடுத்த கப்பலில் ஒரு ஹேட்ச், ஒரு பகல் ஷிஃப்ட். கடிகாரத்தோடு மேடை அருகே ஓர் ஆள், ஹாப்பர் அருகே ஓர் ஆள். மாலையில் இரண்டு பேரின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சுற்றியிருந்த டிரைவர் ஒருவரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். எந்த வளைவில், எந்தக் கிடங்கு வாசலில், யார் சீட்டு எழுதும்போது நின்றோம் என்று தாளில் இல்லாததை அவர் சொல்வார்.